எழுபத்தெட்டு கிலோ சிறுத்தை

மல்லசமுத்திரம் கல்குவாரி மேட்டில் கூண்டை இறக்கிய அன்று, சிறுத்தையாக அதற்குள் முதலில் போனவன் நான்தான். இருபத்திரண்டு வருடமாக லாரிகளுக்கு பாடி கட்டும் வெல்டர். வனத்துறையின் கூண்டு கொல்லிமலைப் பக்கம் போயிருந்ததால் ஊர்க்காரர்கள் என் பட்டறைக்கு வந்தார்கள்.

லாரிக்கு அளவு தெரியும், சிறுத்தைக்கு யாரிடம் கேட்பது? மொபைலில் பெரும்பூனைகளின் எடைப் பட்டியல் ஒன்று கிடைத்தது. பாரசீகச் சிறுத்தைதான் பெரியது, அரேபியச் சிறுத்தை அதில் பாதிகூட வராது, நம் நாட்டுச் சிறுத்தை இரண்டுக்கும் நடுவில். அதிலும் பெட்டை சிறியது. கீழே ஜாகுவார், சிங்கம், புலி. பத்து டன் ஏற்றுவேன் என்பவனுக்குப் பதினாறு டன் தாங்குகிற மாதிரி அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில் புத்தி. பாரசீகத்தையே எடுத்துக்கொண்டேன். மிதித்ததும் கதவை விழவைக்கும் மிதிபலகையின் ஸ்பிரிங்கையும் அந்த எடைக்கே முறுக்கினேன். சோதிக்க நானே ஏறிக் குந்தினேன். என் எடை எழுபத்தெட்டு. படாரென்று கதவு விழுந்தது.

"சுப்பையண்ணா, சிறுத்தைக்கு இவ்ளோ தொப்பை இருக்காதுங்க" என்றார் வனக்காப்பாளர் மஞ்சுளா. எல்லாரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து நானும் சிரித்தேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உசுரோட புடிச்சாத்தானுங்க உண்டு. இல்லீன்னா ஆராச்சும் கறியில மருந்து வெச்சிருவாங்க."

சிரிக்காதவர் அங்கம்மாள் மட்டும்தான். அவருடைய மூன்று ஆடுகள் போயிருந்தன. மிச்சமிருந்த ஒரே கிடாயை இரைக்குக் கட்டக் கொடுத்திருந்தார்.

"புடிச்சிருவீங்கல்ல சாமி?"

"புலியே வந்தாலும் தாங்குமுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் மிதிபலகை மேல் சேற்றுத் தடம் இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து. கதவு அசையவே இல்லை. பாதி தின்ற கிடாய் ஓடைப் புதரில் கிடந்தது. ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் போதும், அரை மணி நேர வேலை. பட்டறையில் அன்று ஒரு லாரியை முடித்துக் கொடுத்தாக வேண்டும். "நாளைக்கு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் போனபோது, மிச்சக் கிடாயைத் தின்ன வந்த சிறுத்தை அந்தப் புதர் ஓரமாகவே விறைத்துக் கிடந்தது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. தராசு முப்பத்தொன்று காட்டியது. பெட்டை. மடியில் பால் கட்டியிருந்தது.

அங்கம்மாள் தள்ளி நின்று, காய்ந்த கையை முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும், "நீங்க புடிச்சிருந்தா நா எதுக்கு சாமி..." என்றார்.

மஞ்சுளா நோட்டைத் திறந்து என்னிடம்தான் வந்தார். "எத்தனை கிலோவுக்குங்கண்ணா இந்தக் கதவு உழுகும்?"

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"குட்டிக எங்கியோ பாறைச் சந்துல இருக்குமுங்க. ரெண்டு மாசங்கூட ஆகியிருக்காது" என்று சொல்லிவிட்டு, ஆட்களோடு குவாரிப் பக்கம் தேடப் போனார்.

மொபைலை எடுத்து மறுபடி அந்தப் பட்டியலைப் பார்த்தேன். எல்லாப் பூனைக்கும் எடை இருந்தது. குட்டிக்கு இல்லை.

கூண்டுக்கதவின் அடிவிளிம்பு முழுக்கப் பழைய டியூபை வெட்டிக் கட்டினேன். ஸ்பேனரால் ஸ்பிரிங்கின் நட்டைத் தளர்த்திவிட்டு, என் தூக்குப்போசியைத் தயிர்சோற்றோடு பலகை மேல் வைத்தேன். விழவில்லை. இன்னொரு சுற்று. மெத்தென்று விழுந்தது. கதவைத் தூக்கி மாட்டிவிட்டு, போசியை எடுத்து அதன் மூடியை மட்டும் வைத்தேன். விழவில்லை. பாறைப் பக்கம் ஏதோ ஒன்று பூனைக்குட்டி மாதிரி கத்தியது. நட்டை இன்னும் கால் சுற்றுத் திருப்பினேன்.