பக்கத்து வீட்டுக் குழாய்

எமில் ஹுடாக் கதவைப் பாதிதான் திறந்தார். மீதிக்கு முழங்காலை முட்டுக்கொடுத்து நின்றார். வெளியே மஞ்சள் மேல்சட்டை போட்ட பெண்.

"தண்ணி வாரியத்து ஆளா நீ?"

"நாங்க வர்றது அவங்களுக்குத் தெரியும் சார்."

"அதக் கேக்கல. அவங்க ஆளான்னு கேட்டேன்."

"இல்ல சார். இன்சூரன்ஸ் கம்பெனி."

"அப்புறம் எதுக்கு அவங்க மாதிரியே மஞ்சச் சட்டை?"

"ரோட்டுல வண்டி இடிச்சிடக் கூடாதுல்ல சார்."

நாலு வாசலில் சொல்லிப் பழகிய பதில். எமிலுக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டுச் சுவரிலிருந்து தெருவின் பெரிய குழாய் வரைக்கும் மண்ணுக்கடியில் போகிற தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய் எல்லாம் வீட்டுக்காரன் தலையில்தான் என்றாள். உடைந்தால் தார் ரோட்டைத் தோண்டி மூடுவதும் அவன் செலவு. அது எமிலுக்குத் தெரியாததா? முனை வீட்டுக்காரி போன வருஷம் அப்படித் தோண்டிய கடனில்தான் வீட்டை விற்றாள். அவருடைய நிலவறையிலும் மழை பெய்தால் தரையிலுள்ள சாக்கடைத் துளை கொப்பளிக்கிறது. அதை இவளிடம் சொல்ல அவர் என்ன முட்டாளா?

"மாசாமாசம் கொஞ்சம் கட்டினா அந்தச் செலவெல்லாம் கம்பெனியோடது. ஒரே நிபந்தனை சார். குழாய் உங்க வீட்டுக்கு மட்டும் இருக்கணும். பக்கத்து வீட்டோட சேந்த குழாய்னா செல்லாது. பக்கத்துல மிஸ்டர் பாபிச் காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டாரு. சாயங்காலம் வரைக்கும் இந்தத் தெருவுலதான் இருப்பேன். யோசிச்சுச் சொல்லுங்க."

கதவைச் சாத்தியதும் எமில் மனைவியைப் பார்த்தார். "பாபிச் கையெழுத்துப் போட்டானாம், ரோசலி! ஆலையில சம்பளக் கவர வாங்கினாலே வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறவன்."

"போய்க் கேளேன்."

"அவன் இன்னிக்கு செவ்வாய்க்கிழமைன்னு சொன்னா நான் காலண்டரப் பாப்பேன்."

மொனங்கஹேலா ஆற்றங்கரை இரும்பாலை தன் ஆட்களுக்காக ஒரே மூச்சில் கட்டிப்போட்ட வீடுகள் இவை. அடியில் எந்தக் குழாய் எதோடு சேர்கிறது என்று தெரிந்தவன் எவனும் உயிரோடில்லை. ஆனால் வீடு விற்கும்போது எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அதிகாரிகள் சாயம் ஊற்றிப் பார்ப்பதை எமில் கவனித்திருக்கிறார். ஈஸ்டர் பண்டிகைக்கு முட்டைகளில் வண்ணம் ஏற்ற என்று ரோசலி வைத்திருந்த பச்சைச் சாயம் மொத்தத்தையும் வாளியில் கரைத்தார்.

"அடப் பாவி, அது முட்டைக்கு!"

"இந்த வருஷம் வெள்ளை முட்டை தின்னு."

ஆலையிலிருந்து கரியோடு வரும் ஆண்களுக்காக நிலவறையில் சுவர் இல்லாமல் நட்டிருந்த கக்கூஸில் வாளியைக் கவிழ்த்தார். "தண்ணி விட்டுக்கிட்டே இரு" என்று ரோசலியிடம் சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரோடு வேலி தாண்டினார். பாபிச் வீடு சரிவில், கீழே. அதன் பின்முற்றத்தில் குழாய் அடைப்பு எடுக்கிற வாய் உண்டு. மூடியை நெம்பிக் குனிந்தார். நாற்றத்துக்கு நடுவே, பச்சையாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என் குழாயில என்னத்தத் தொலைச்ச, ஹுடாக்?"

பாபிச் பின்னால் நின்றார். பச்சையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எமில் கவனித்தது அதைத்தான்.

"உனக்குத் தெரியும்."

"உன் பொண்டாட்டி துணி துவைச்சா இங்க நுரை வருது. தெரியாம என்ன?" பாபிச் குரலைத் தாழ்த்தினார். "வாய மூடிக்கிட்டு இருய்யா. மேப்பிள் மரத்து வேர் என் பக்கத்துல குழாயப் பிளந்துக்கிட்டு இருக்கு. ஒரு வருஷம் போகட்டும், உடைஞ்சிடுச்சின்னு சொல்றேன். கம்பெனிக்காரன் புதுசு போடுவான். உன் தண்ணியும் அதுலதான போகும்? உனக்கு ஓசி. நீ மட்டும் கையெழுத்துப் போடாத. ரெண்டு பேரும் போட்டா சந்தேகப்படுவான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாபிச் வாயிலிருந்து வந்ததால் எமில் அதை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார்.

"தோண்டும்போது பக்கவாட்டுல ஒரு குழாய் வந்து சேருதே, அது யாருதுன்னு கேப்பானே. என்ன சொல்லுவ?"

பாபிச் மூக்கைச் சொறிந்தார். சொறிய வேண்டியதைவிடக் கூடுதலாகவே சொறிந்தார்.

"பழசு... யாரும் இப்பப் பொழங்கறதில்லன்னு..."

"அடைச்சுட்டுப் போயிருவான். என் பீயெல்லாம் என் நிலவறையில நிக்கும்."

"அப்புறமா பாத்துக்கலாம்ய்யா!"

எமில் நேராகத் தெருவுக்கு நடந்தார். மூன்று வீடு தள்ளி மஞ்சள் சட்டை இன்னொரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"இந்தாம்மா! இந்த ரெண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். எழுதிக்கோ. அந்தாளுக்கும் செல்லாது, எனக்கும் வேணாம்."

அவள் திகைத்து, பின்னாலேயே வாசலுக்கு வந்துவிட்ட பாபிச்சைப் பார்த்தாள். தெருவோர வேலியைப் பிடித்துக்கொண்டிருந்த பாபிச் செர்பிய மொழியில் கெட்ட வார்த்தையாகக் கொட்டினார். அதெல்லாம் எமிலுக்கு ஆலைக் கரியடுப்பில் சேர்ந்து வேலை பார்த்தபோதே மனப்பாடம்.

"கிறுக்குப்பயலே! இப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல!"

"ஒண்ணுமில்லையா? குழாய் இருக்கு. எவனும் அடைக்க வர மாட்டான். எனக்கும் இருக்கு."

பாபிச் தரையில் துப்பினார். இருவரும் பின்முற்றத்துக்குத் திரும்பியபோது, திறந்து கிடந்த வாய்க்குள் பச்சை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரோசலி விடாமல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"வேர நாமளே வெட்டி எடுக்கணும்" என்றார் பாபிச் கடைசியில். "சனிக்கிழமை?"

"சனிக்கிழமை. மம்முட்டி உன்னோடத எடுத்துக்க. என்னோடத நான் தர மாட்டேன்."