பத்து மணிக்கு மேல்

பதினொரு நாள், இருபது நிமிடம்... அவ்வளவு நேரமாக ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். இன்றும் முதல் பஸ்ஸில் திருத்தங்கல் வந்து, இந்த அச்சகத்து மொட்டைமாடியில் பதினாறு சோலார் பேனலையும் துடைத்து முடித்துவிட்டேன், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், இதெல்லாம் நன்றாகத் தெரியும், பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு... பேசத்தான் வராது. மதுரையிலிருந்து வந்த எங்கள் கம்பெனி இன்ஜினியர் சாலமன்ராஜ் சார் முதல் பேனலின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டார். பதினாறையும் கழற்றி வண்டியில் ஏற்றப் போகிறாராம். பேனல் போனால் துடைக்கிறவளுக்கு இங்கே என்ன வேலை?

மூட்டுவலியால் மாடிப் பக்கமே வராத அச்சக முதலாளி பாலகுரு அண்ணாச்சி இன்று மூச்சு வாங்க ஏறி வந்து தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். “கரண்டு ரெண்டு மணி நேரம் போகுது, ஒங்க லைட்டு அரை மணியில கண்ணச் சொருகுது. நமத்த வெடிய என் தலையில கட்டிட்டீகளே சார்.” சார் மீட்டரைத் தட்டிப் பார்க்கிறார். “இப்ப நல்லாத்தான் காட்டுது அண்ணாச்சி. வெயில் ஏறுனாப் படுத்துருது போல. கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்.” எனக்குச் சிரிப்பு வருகிறது, துணியைப் பிழிகிற சாக்கில் குனிந்துகொள்கிறேன். வெயிலுக்குப் படுக்கிற சோலார்! பத்து மணிக்கு மேல் இதன்மேல் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பட்டாசு அடைக்கிற காலி அட்டைப் பெட்டி. மைதாப் பசை ஈரத்தோடு வரிசை வரிசையாக, மூன்று மணி வரைக்கும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். தீபாவளி சீசன், கீழே கால் வைக்க இடமில்லை, மாடித் தரையெல்லாம் புழுதி, இந்தக் கட்டடத்திலேயே சுத்தமான இடம் நான் துடைத்த கண்ணாடிதான். சாய்வும் பத்து டிகிரிதான், பெட்டி வழுக்காது, அதைக்கூட யோசித்துப் பார்த்தேன். காலையில் பசைக் கறையைத் துடைக்கிறவளும் நான்தான், பிறகு சார் கண்ணுக்கு என்ன தெரியும்?

மாடிக் கதவருகே அய்யம்மாள் அக்கா. ஈரப் பெட்டிக் கூடையோடு ஏறி வந்தவர் முதலாளியைப் பார்த்ததும் கூடையை முதுகுக்குப் பின்னால் தள்ளுகிறார், அம்புட்டுப் பெரிய கூடை எந்த முதுகுக்குப் பின்னால் ஒளியும்? என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுகிறார், சொல்லிவிடாதே என்றா, சொல்லித் தொலை என்றா? பதினொரு நாளைக்கு முன்னால் பெட்டி ஒட்டுகிற நாலு பேரோடு வந்து அக்காதான் கேட்டார். “ஏ கண்ணாடிப் புள்ள, இதுமேல கொஞ்சம் காயப் போட்டுக்கிடவா? ஒன் மிசினு கெட்டுப் போயிராதுல்ல?” கெடாது, ஆனால் நிழல் விழுந்தால் கரண்டு வராது, பேட்டரி நிறையாது... இந்த இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை. சரி என்றேன். அன்றே காராச்சேவுப் பொட்டலம் பிரிந்தது, என் கல்யாணப் பேச்சு வந்தது, “இந்தப் புள்ள வாயத் தொறக்க மாட்டேங்கே, பல்லு இருக்கா இல்லையா”, எல்லோரும் சிரித்தார்கள், நானும். ஒன்பது மாதம் இந்த மாடியில் காக்கையைத் தவிர யாரும் என்னிடம் பேசியதில்லை.

போல்ட் ஒரு சுற்று சுற்றிவிட்டது. பேசாமல் இருந்தால் பேனல் போகும், பெட்டியைக் காட்டினால் அக்காவுக்குத்தான் ஏச்சு விழும்... அப்படியானால் பாதி மட்டும் சொல்லிப் பயனில்லை.

“சார், நிறுத்துங்க.” யார் குரல் இது, இவ்வளவு சத்தமாக?

ஸ்பேனர் நின்றது. “என்னம்மா ஜாஸ்பின்?”

“பேனல்ல ஒண்ணுமில்ல சார். பத்து மணிக்கு மேல இதுமேல பெட்டி காயுது. அக்கா கேட்டுட்டுத்தான் போட்டாக. கரண்டு வராதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் சரின்னேன். பெட்டி காய வச்சா அவுக தினம் மேல வருவாக... பேச ஆளு இருக்கும்னு.”