அணைப் பாலத்தில் ஒரு பாடை

பாடை அணைப் பாலத்தின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் சாவியோடு வாட்ச்மேன் ஆண்டி நின்றான்.

"தொறங்கண்ணே," என்றான் செத்தவரின் மகன் செல்லக்கண்ணு.

"பாலத்து மேல பொணம் போகக் கூடாதுப்பா. கீழ நிக்கிறது திருச்சி ஜனம் குடிக்கிற தண்ணி."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "யாரு போட்ட சட்டம்? பாடையில படுத்திருக்காரே, அவரையே எழுப்பிக் கேளு!"

கூடச் சிரிக்க ஆளில்லை. சுதந்திரம் வந்த வருஷத்திலிருந்து இந்தக் கேட்டைக் காத்தவர்தான் பாடையில் கிடந்த அடைக்கலம். வெள்ளைக்காரன் கட்டிய அணை. அவருக்கு அது கோயில். தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்த்துக் கும்பிடாமல் வேலைக்கு இறங்க மாட்டார். எந்தப் பிணத்தையும் அவர் பாலம் ஏற விட்டதில்லை. போன வருஷம்தான் ரிடையர் ஆனார். இப்போது, அக்கரையில் மனைவியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே தன்னையும் வைக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். பாலம் இல்லையென்றால் சீரங்கம் போய், கொள்ளிடப் பாலம் ஏறிச் சுற்றிவர வேண்டும். பொழுது சாய்ந்துவிடும். ஆவணி வெயிலில் உடம்பு தாங்காது.

கெஞ்சிக் கேட்கத்தான் மகள் சந்திரம்மாள் முன்னால் வந்தாள். கம்பியைப் பிடித்து ஆண்டியின் முகத்தைப் பார்த்ததும் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது.

வாந்திபேதி பரவிய வருஷம். அவள் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். அன்றைக்குக் கம்பிக்கு வெளியே நின்றவன் ஆண்டி. கையில் துணி சுற்றிய அவன் பிள்ளை, உயிரில்லை. "ஊரே குடிக்கிற தண்ணிடா. சுத்திப் போ," என்றார் அப்பா. அவர் செய்தது தப்பு என்று இன்றைக்கும் அவளால் சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லவும் நாக்கு வரவில்லை.

"நாங்க சுத்தியே போறோம்ணே," என்றாள். "உங்க வேலைக்கு எதுவும் வந்துடப் போவுது. தம்பி, திருப்பச் சொல்லுடா."

"இந்த வெயில்ல எங்க தாயி போவீங்க?"

ஆண்டி பூட்டைத் திறந்தான். "வெரசாப் போங்க. கொட்டு வேணாம். பூ எறைக்காதீங்க."

பாடை பாலம் ஏறியது. வழக்கப்படி பெண்கள் அங்கேயே நின்று, அழுது, திரும்பினார்கள். சந்திரம்மாள் திரும்பவில்லை. இறைக்க வேண்டாம் என்று சொல்லியும், நடையின் குலுக்கலில் மாலை உதிர்ந்துகொண்டே போனது. ஆண்டி குனிந்து ஒவ்வொரு பூவாகப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அவளும் பாலத்தில் ஏறிப் பொறுக்கத் தொடங்கினாள்.

பொறுக்கியபடியே கேட்டாள்.

"அன்னிக்கு சுத்தித்தான் போனீங்களாண்ணே?"

"ஆமா."

"ரொம்பத் தூரமாச்சே."

"சின்னப் புள்ளதானே தாயி. கனமில்ல."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. கல்லிடுக்கில் சிக்கிய சாமந்தி இதழ்களை நகத்தால் நெம்பி எடுத்தாள். மடி நிறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர். அந்தப் பூவை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நடுப்பாலத்தில் நின்றாள்.