ராபர்ட்டின் எண்ணெய்க் குளியல்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் நன்றாகப் புரிந்தது ராபர்ட் ஒருவனுக்குத்தான். அவன் நாய். துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. குன்னூரில் ஒரு தேயிலை ஃபாக்டரிக்கு மோட்டார் ரிப்பேருக்காகப் போன என் வீட்டுக்காரர் ரங்கராஜ், அங்கே மானேஜராக இருந்த துரை கண்ணைக் கசக்கிக்கொண்டு கொடுத்த நாயை மறுக்க முடியாமல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். தொங்கு காது, உடம்பெல்லாம் அடர்ந்த பழுப்பு மயிர். அதைப் பார்த்துவிட்டு என் மாமனார் கேட்ட முதல் கேள்வி, "இதென்ன நாயா, கரடிக் குட்டியா?" என்பதுதான்.

காரமடைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். கிணறு, பாக்குத் தோப்பு, கட்டுத்தரையில் மாடுகள், பக்கத்தில் வீடு. வீட்டுக்காரருக்கு மேட்டுப்பாளையத்தில் மோட்டார் ஒர்க் ஷாப். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். மாமனார் தோப்பில் இறங்கிவிட்டால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். கோயமுத்தூர் டவுனில் நாலு பக்கமும் வீடு இருந்த தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமான புதிதில் பாக்கு மட்டை ஒன்று விழுந்தாலும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். ராபர்ட் வந்த பிறகுதான் எனக்கு அந்தப் பயம் விட்டது. அவன் பெரிய வீரன் ஒன்றும் இல்லை. அணிலைக் கண்டால் பின்வாங்குவான். ஆனால் நான் பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்பான். அந்த வீட்டில் என் பேச்சை முழுசாகக் கேட்டது அவன்தான் என்று என் வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன். அதையும் அவர் பாதிதான் கேட்டார்.

மாமனாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெயர் அரங்கசாமி நாயுடு. பொய் சொல்லத் தெரியாதவர். என்னைப் பெண் பார்க்க வந்த இடத்தில் என் அப்பாவிடம், "பையன் வேலையில சுத்தமுங்க. ஆனா மூக்கு மேல கோவம். காத்தால எழுப்பறது பெரும்பாடு. முன்பல்லு ஒண்ணு கட்டுனது" என்று பட்டியல் போட்டாராம். இப்படிப்பட்ட மனுஷன் வீட்டுக்குப் பெண் கொடுக்கலாம் என்று அப்பா அங்கேயே முடிவு செய்துவிட்டார். பல்லைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மாமனார் எல்லோரோடும் பேசுவது தமிழ்தான். கோபம் தலைக்கேறினால் மட்டும் வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். கோபமில்லாமல் அவர் வாயில் வந்த தெலுங்கு வார்த்தை ஒன்றே ஒன்று என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். என் மாமியாரை 'பங்காரம்' என்று கூப்பிடுவாராம். தங்கம் என்று அர்த்தம். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே மாமியார் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் நாள் கணக்கில் விடாத மழை. துணி காயாது, விறகு பிடிக்காது, தீப்பெட்டி நமத்துப் போகும். அந்த ஈரத்தில் ராபர்ட் சொறிய ஆரம்பித்தான். முதலில் காது, பிறகு வயிறு, பிறகு வாலடி. மயிருக்கு உள்ளே தோல் சிவந்து திட்டுத்திட்டாகக் கசிந்தது. கூடவே ஒரு நாற்றம். ஈரச் சாக்கை மூட்டையாகக் கட்டி ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் வருமே, அந்த நாற்றம். தட்டில் கை வைக்க முடியவில்லை.

"அம்மணி, இந்த நாத்தத்தோட எப்படிச் சோறு திங்கறது?" என்று மாமனார் தட்டை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்கே போய்விட்டார். அந்த நேரம் பார்த்துத்தானா மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி திருமலைசாமி வந்து சேர வேண்டும்? மண்டியில் பாக்கு திருடு போகிறது, காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று அவர் புலம்ப, மாமனார் சட்டென்று சொல்லிவிட்டார்.

"இங்க ஒண்ணு கெடக்குது. தீவாளி கழிச்சு வந்து ஓட்டிட்டுப் போ."

"நெசமாவாங்கண்ணா?"

"நானு சொன்னா மாத்துவனா?"

மாற்ற மாட்டார். உள்ளே போய் அழுதேன். ராபர்ட்டும் கூட வந்து உட்கார்ந்து சொறிந்துகொண்டான்.

நோயைத் தீர்த்துவிட்டால் மாமனார் மனசு இளகலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. எங்கள் பக்கத்தில் உடம்புக்கு எது வந்தாலும் முதல் வைத்தியம் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் மாதிரி அரைத்த அரப்பு இலைத் தூள் போட்டுக் குளிப்பதுதான். சூடு என்றாலும் அதுதான், சொறி என்றாலும் அதுதான். வெள்ளிக்கிழமை நான் தலைக்குக் குளித்துவிட்டு, மிச்சமிருந்த அரப்பில் ராபர்ட்டுக்கும் ஒரு குளியல் போட்டேன். முதலில் வேப்பெண்ணெய், அதன் மேல் மஞ்சள், பிறகு அரப்பு. அவன் மஞ்சள் பூசின மாப்பிள்ளை மாதிரி நின்றான். மறுநாள் பார்த்தால் சொறி இன்னும் அதிகம். எண்ணெய் போதவில்லை என்று நினைத்து அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் ஒரு கை கூடுதலாக ஊற்றினேன்.

இதற்கிடையில் வீட்டில் என்னென்னவோ நடந்தது. அரைத்து வைத்த அரப்புத் தூள் டப்பாவில் குறைந்துகொண்டே போனது. விளக்கெண்ணெய் போத்தல் கட்டுத்தரையில் கிடந்தது. மாட்டுக்கு எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். ராபர்ட்டை எப்போது தொட்டாலும் கை வழுக்கியது. இந்த மழையில் எங்கே போய் நனைந்து தொலைக்கிறாய் என்று அவனைத்தான் திட்டினேன். அவன் பதில் சொல்லியிருந்தால் கேட்டிருக்கலாம்.

சினை மாட்டைப் பார்க்க மாட்டாஸ்பத்திரி டாக்டர் வெங்கடபதி வந்தார். சிரித்த முகம், சத்தமான குரல். அன்று வீட்டுக்காரரும் இருந்தார். மாட்டைப் பார்த்து முடித்ததும் நான் ராபர்ட்டைக் கொண்டுபோய் நிறுத்தினேன். டாக்டர் மயிரை விலக்கிப் பார்த்தார். காதைத் தூக்கிப் பார்த்தார். விரலை மோந்து பார்த்தார்.

"குளிக்க வெக்கறீங்களா?"

"சனிக்கெழமை சனிக்கெழமை, தவறாம, நல்லெண்ணெ தேச்சு அரப்புப் போட்டுக் குளிக்க வெச்சுப்போடறனுங்க" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். நான் கோவிலுக்குப் போகும் சனிக்கிழமைகளில் இது நடந்திருக்கிறது! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வாரத்துக்கு ஒருக்காத்தானே? அதுக்கு இப்படி ஊறாதே" என்று டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வெள்ளிக்கெழமை நானும் வேப்பெண்ணெ தேச்சுக் குளிக்க வெக்கறனுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். டாக்டர் விடவில்லை. "வேற ஆராச்சும்?"

மாமனார் கட்டுத்தரைக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. சும்மா இருந்திருந்தால் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவரால் சும்மா இருக்க முடியாதே!

"பொதங்கெழமை நானு" என்றார், யாரையோ அதட்டுவது போல. "நானும் அன்னிக்குத்தான் வெளக்கெண்ணெ வெக்கறது. கையில மீந்ததை அதுக்குத் தேச்சுட்டேன். அதுக்கென்ன இப்ப?"

டாக்டர் சிரித்த சிரிப்பில் சினை மாடு மிரண்டு எழுந்து நின்றது. "ஏனுங்க, புதன், வெள்ளி, சனி! வேப்பெண்ணெ, நல்லெண்ணெ, வெளக்கெண்ணெ! ஆம்பளைக்கு ஒரு நாள், பொம்பளைக்கு ஒரு நாள்னு நாம முறை வெச்சுக் குளிக்கறோம். இந்த ஒத்த நாயி ஊடு முழுசுக்கும் சேர்த்துக் குளிக்குதே! இத்தனை மயிரு, இந்த மழை, எப்பக் காயும்? நாய்க்கு வியாதியே இல்லீங்க. குளியல்தான் வியாதி."

பிறகு அவர் சொன்னது எல்லாமே எங்கள் குல வழக்கத்துக்கு நேர் எதிராக இருந்தது. மழை ஓயும்வரை குளியல் கூடாது. வயிற்று மயிரையும் கால் மயிரையும் ஒட்ட வெட்டிவிட வேண்டும். வெளியே போய் வந்தால் விரல் சந்துகளைத் துடைக்க வேண்டும். தொங்கு காது என்பதால் உள்ளே காற்றே போவதில்லை, காதைப் புரட்டித் துடைத்து உலர வைக்க வேண்டும். உண்ணியைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். புண்ணில் மட்டும் அவர் தரும் களிம்பு. படுக்கை தரையில் கூடாது, எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். "எப்படியாச்சும் காய வெய்யுங்க. நாயி அதுவாப் பொழைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார்.

வெயிலே இல்லாத ஊரில் எப்படிக் காய வைப்பது? மழைக்காலத்தில் என் தலைமுடியை எப்படிக் காய வைக்கிறேனோ அப்படித்தான். தூபக்காலில் கங்கு போட்டு, சாம்பிராணி தூவி, புகையில் காட்டுவது. ராபர்ட்டைக் கயிற்றுக் கட்டிலில் ஏற்றி, கீழே சற்றுத் தள்ளித் தூபக்காலை வைக்கலாம் என்றேன். கட்டிலுக்கு எங்கே போவது என்று யோசிப்பதற்குள் மாமனார் தன் கட்டிலை இழுத்துப் போட்டார். பவானி ஜமக்காளத்தையும் விரித்தார்.

"உங்க கட்டிலுங்களா மாமா?"

"வேற கட்டலு செஞ்சு வாரதுக்குள்ள மழையே நின்னு போகும். ஏத்து அதை."

ராபர்ட் முதல் நாள் தும்மினான். அடுத்த நாள், தூபக்கால் சத்தம் கேட்டதுமே தானாக ஏறிப் படுத்துக்கொண்டான். வீட்டுக்காரர் ஒர்க் ஷாப்பிலிருந்து வந்து கால் கழுவுவதற்கு முன்பு அவன் காலைத் துடைத்தார். எனக்கு ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். மாமனார் பழைய வேட்டியைக் கிழித்துக் காது துடைக்கத் துண்டு போட்டார். உண்ணி பொறுக்குவதில் எங்கள் மூன்று பேருக்கும் போட்டியே நடந்தது. கசிவு நின்றது, தோல் வெளுத்தது, மயிர் புசுபுசுவென்று ஆனது. அவன் பக்கத்தில் வந்தால் பெருமாள் கோவிலுக்குள் நுழைந்தது போல மணத்தது. அரப்பு வாசம் மட்டும் அவனுக்கு ஆகாமல் போய்விட்டது. கொஞ்சம் மோப்பம் கிடைத்தாலும் ஓடி ஒளிந்துகொள்வான்.

அவன் குணமாகக் குணமாக எனக்குக் கவலைதான் கூடியது. நாறுகிற நாயாக இருந்தாலாவது திருமலைசாமி வேண்டாம் என்று சொல்லியிருப்பார். இப்படிப் பளபளவென்று இருக்கிற நாயை யார் விடுவார்கள்? வாக்குக் கொடுத்ததோ மாமனார். அவரிடம் போய் வாக்கை மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் தீபாவளிப் பலகாரத்தைத் தொடவில்லை. "மேட்டுப்பாளையத்துப் பக்கம் பாலம் கீலம் ஒடைஞ்சு போச்சாமா?" என்று மகனை இரண்டு தடவை கேட்டார்.

பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமை காலை, தூறலில் நனைந்துகொண்டு திருமலைசாமியின் வேன் வாசலில் வந்து நின்றது. கையில் புதுச் சங்கிலி வேறு. வீட்டுக்காரர் ஒர்க் ஷாப்புக்குப் போய்விட்டிருந்தார். நான் தலைக்குக் குளிக்க அரப்புக் கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்த அரப்போடு கூடத்துக்கு ஓடி வந்தேன்.

மாமனார் கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திருமலைசாமி எதிரே நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் துவட்டினார்.

"ஓட்டிட்டுப் போகட்டுங்களாண்ணா? நாயி எங்கீங்க?"

மாமனார் வாசலைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், கரைத்த அரப்போடு நின்ற என்னைப் பார்த்தார். என் கண்ணில் தண்ணீர் நின்றது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நாயா?" என்றார். "அது எங்கியோ ஓடிப் போச்சப்பா."

கையிலிருந்த அரப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது கட்டிலுக்கு அடியில் டம், டம் என்று ஒரு சத்தம். ஜமக்காளம் தரைவரை தொங்கியது. அதன் ஓரத்தில் பழுப்பாக, புசுபுசுவென்று ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டு, மாமனார் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் பக்கத்திலிருந்த பித்தளைச் சொம்பை அடித்துக்கொண்டிருந்தது. அரப்பு வாசத்துக்குப் பயந்து அங்கே ஒளிந்திருக்கிறான். மாமனார் சொம்பைக் காலால் மெல்ல நகர்த்தினார். வால் தரையை அடித்தது. அவர் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது.

திருமலைசாமி அந்த வாலைப் பார்த்தார். பிறகு மாமனாரின் முகத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம். சங்கிலியைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஓடிப் போச்சுங்களா? செரீங்கண்ணா. இந்த மழையில எங்க போயித் தேடறது" என்றார். "ஏனம்மணி, காப்பி கெடைக்குங்களா?"

காப்பி என்ன, பலகாரத் தட்டையே கொண்டுவந்து வைத்தேன். மழையைப் பற்றியும் பாக்கு விலையைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்தவர், தட்டிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து ஜமக்காளத்தின் ஓரமாக வைத்தார். ஒரு மூக்கு வந்து அதை எடுத்துக்கொண்டு போனது. அதையும் அவர் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

வேன் சத்தம் தேயும்வரை மாமனார் அசையவில்லை. "அம்மணி, அந்த அரப்பைக் கொண்டு போயி அக்கட்டால வையி" என்றார். நான் சமையலறைக்குத் திரும்பினேன். நான் போய்விட்டேன் என்றுதான் நினைத்திருப்பார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, ஜமக்காளத்தைத் தூக்கிக் குனிந்தார்.

"வா, பங்காரம்" என்றார். "போயிட்டான்."