வட்டாரக் கல்வி அலுவலரின் கார் எழும்பிய கதை

“நாலாம் வகுப்புக்கு விசை தெரிகிறது” என்று ஆய்வுப் பதிவேட்டில் ஒரு வரி விழுந்தால்தான் ஆரோக்கியசெல்வி டீச்சருக்கு இந்தப் பள்ளிக்கூடம் நிலைக்கும். விழாவிட்டால், எங்கோ பஸ் போகாத ஊருக்கு மாற்றல். ஆனால் வட்டாரக் கல்வி அலுவலர் தேவநாதனோ டீயைக் குடித்தார், வகுப்பறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

“திண்டிவனத்துல மீட்டிங்மா. அப்புறம் பாக்கறேன்.”

கார் உறுமியது, இருமியது, செத்தது.

டீச்சருக்கு உயிர் வந்தது. “பசங்களா, ஓடியாங்க! பின்னாடி நின்னு தள்ளுங்க. சார், இதான் சார் தள்ளுவிசை!”

முப்பத்திரண்டு பிள்ளைகளும் முக்கினார்கள். ஆனால் காலையில் டவுன் பஸ்ஸை நித்தமும் தள்ளிப் பழகிய ஊர் இது. வண்டி நின்றால் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. வந்த பக்கத்திலிருந்தே தள்ளுவார்கள். மல்லாட்டைக் கடலை பறித்துவிட்டு எதிரே வந்த வெள்ளையம்மாளும் நாற்பது பெண்களும் முன்பக்கம் கை வைத்தார்கள். பின்பக்கம் கரும்பு டிராக்டர் சேர்ந்தது. முன்பக்கம் ஒரு கல்யாண வேன்.

கார் அசையவில்லை. நசுங்கவும் மனமில்லாமல், மெல்ல மேலே எழும்பியது. ஒரு முழம். ஒரு ஆள் உயரம். வேப்ப மரத்துக் காக்கா கண்ணாடி வழியே அலுவலரை எட்டிப் பார்த்தது.

“ரெண்டு பக்கமும் சமமாத் தள்ளுனா நவுறாதுன்னீங்களே டீச்சர்?” என்றாள் கவிதா.

“நவுறலையே, எழும்பிக்கினுதானே இருக்கு!”

“அம்மா, ஜல்தி எறக்குங்க!” என்று மேலிருந்து கதறினார் அலுவலர்.

“வரி எழுதிட்டீங்களா சார்?”

அதற்குள் வெள்ளையம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “பேஜாரு புடிச்ச வண்டி. கஞ்சி நேரம் ஆச்சு, வாங்கடி!”

முன்பக்கத்தார் மொத்தமாகக் கையை எடுத்தார்கள், கல்யாண வேனும் ஒதுங்கியது. அவ்வளவுதான். பாய்ந்தது கார், திண்டிவனத்தைப் பார்த்து. புழுதி அடங்கக் கால்மணி நேரம் ஆனது.

டீச்சரின் போன் அடித்தது.

“எழுதிட்டேம்மா! கையெழுத்தும் போட்டுட்டேன்! ஆமா, உராய்வுப் பாடம் எப்ப நடத்துவீங்க?”

“அடுத்த வாரம் சார்.”

“இன்னைக்கே நடத்துங்கம்மா, கால்ல விழறேன்! திண்டிவனம் தாண்டிட்டேன், வண்டி நிக்கவே மாட்டேங்குது!”