ஆடிய பால்கனி

வில்ஃப் ஆர்மரோட் பல வருஷம் ஜாஸ் குழுக்களில் டிராம்போன் ஊதியவர். 1956இல் திடீரென்று ராக் அண்ட் ரோல் குழு தொடங்கினார். அதை மட்டமாக நினைத்த பழைய ஜாஸ் நண்பர்கள் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவருடைய டிரம்மர்.

அந்த நவம்பரில் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு பழைய நாடக அரங்கில் மாலைக் காட்சி. பஞ்சாலைப் பையன்களும் பெண்களுமாக நிரம்பி வழிந்தது. மூன்றாவது பாட்டிலேயே பால்கனி முழுதும் எழுந்து தாளத்துக்குக் குதித்தது. அதன் அடியிலிருந்து சுண்ணாம்பு மாவாக உதிர்வதை நான் பார்த்தேன். பிறகு தட்டு அளவுக்கு ஒரு துண்டு கீழே நாற்காலி வரிசைகளுக்கு நடுவே விழுந்து உடைந்தது. ஆட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

மேடையோரத்தில் அரங்கின் மேனேஜர் ஹெஸ்கெத் வெளிறிப்போய் நின்றார். சாக்ஸபோன்காரர் லென் தனியாக வாசிக்கும்போது வில்ஃப் அவரிடம் போனார்.

"திரையை இறக்கிடுறேன்யா!"

"இறக்கினா கோபத்துல தரையை இன்னும் உதைப்பாங்க சார்."

"அப்ப கட்டடம் விழப்போகுதுன்னு சொல்லு."

"சொன்னா படிக்கட்டுல ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சே சாவாங்க. கதவையெல்லாம் திறந்து வைங்க." என் பக்கம் திரும்பினார். "மிக், சின்ன டிரம்மைக் கழுத்துல மாட்டு. மெதுவாப் போடு."

தாளம் தளர்ந்ததும் குதிப்பது நின்றது. கூச்சல் கிளம்பியது.

"ஏய் தாத்தா! தாலாட்டா பாடுற?"

பென்னிக் காசுகள் பறந்து வந்தன. ஒன்று வில்ஃபின் உதட்டைக் கிழித்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த இடம் பத்தல பசங்களா! நடுரோட்டுல ஆடலாம். தைரியம் இருக்கறவன் வா!"

ஒரே ஆரவாரம். லென் ஊதியபடி கீழ்த்தளத்தாரை வாசலுக்கு இழுத்துப் போனார். வில்ஃபும் நானும் பால்கனிக்கு ஏறினோம். காலடியில் தரை நடுங்கியது. கறுப்புக் கோட்டுப் பையன் ஒருவன் வழிமறித்தான்.

"இங்கயே ஊதுய்யா. வேகமா!"

"கீழ வா, உன் காது கிழிய ஊதறேன்."

அவன் வில்ஃபின் வாயிலிருந்து வழிந்த ரத்தத்தைப் பார்த்தான். விலகி நின்றான். வில்ஃப் ஊதிக்கொண்டே பின்பக்கமாகவே படியிறங்கினார். என் கை வேகமெடுத்தபோதெல்லாம் கண்ணால் அதட்டினார். சவ ஊர்வலம் போல அத்தனை பேரும் மெல்ல இறங்கினார்கள்.

தெருவில் மழை. நனைந்துகொண்டே ஆடினார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் உள்ளே பெரும் சத்தம். பால்கனியின் முன்பகுதி காலி நாற்காலிகள்மேல் விழுந்திருந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு பெண் சாலையோரம் உட்கார்ந்து அழுதாள்.

போக்குவரத்தைத் தடுத்ததாக வில்ஃப்மேல் வழக்குப் போட்டார்கள். ரவுடிக் கூட்டம் அரங்கை உடைத்துவிட்டது என்று அரங்குக்காரர்கள் பத்திரிகைக்குச் சொன்னார்கள். ஹெஸ்கெத் வாயே திறக்கவில்லை. ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

"உண்மையை நீங்க சொல்லுங்களேன்," என்றேன்.

"சொன்னேன் மிக். பத்திரிகைக்காரன் எழுதிக்கிட்டான். போடல."

உதட்டுத் தழும்பால் உச்ச ஸ்தாயி அவருக்கு எட்டாமல் போனது. அடுத்த கோடையில் கடலோர விடுமுறை முகாம் ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் நாள் அரங்கில் அம்மாக்களும் குழந்தைகளும்தான். வில்ஃப் கீழ்ச் சுரங்களிலேயே, வியர்வையில் சட்டை நனைய நனைய ஊதினார்.