பேசும் துணியும் இடது கையும்

பிராகோ செய்த துணி பல்கலைக்கழகத்தில் அழகாகப் பேசியது. மாமே போக்குவாவின் மடிக்குப் போனதும் உளற ஆரம்பித்தது.

மடியில் விரிக்கிற அளவுக்குச் சின்னத் துணிதான். எண்ணெய்ப்பனைக் கொட்டையின் ஓட்டைச் சுட்டுக் கரியாக்கி, அரைத்து, மின்சாரம் பாயும் மையாக்கி, அந்த மையால் அதில் கோடு கோடாக இழுத்திருந்தான் தவியா. விரலால் மேல்நோக்கித் தடவினால் பக்கத்திலிருக்கும் கைபேசி "தண்ணி" என்று சொல்லும். வட்டம் போட்டால் "வலிக்குது". இரண்டு தட்டுத் தட்டினால் "ஆமா". பக்கவாட்டில் துடைத்துவிட்டால் "வேண்டாம்". பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்காக என்று தொடங்கிய ஆராய்ச்சி. மை தவியாவுடையது. எந்தத் தடவலுக்கு எந்தச் சொல் என்று கண்டுபிடிக்கும் நிரல் பிராகோவுடையது. பகலில் அவள் ஒரு கடையில் கைபேசிகளுக்குப் பழுது பார்ப்பாள், மாலையில் முதுகலை வகுப்பு. எதையும் மறுபடி மறுபடி சரிபார்த்துவிட்டு, எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு தன்னையே சந்தேகப்படுகிற பெண்.

"வெள்ளிக்கிழம நானே மாமே போக்குவா வீட்டுக்கு வர்றேன்," என்று டாக்டர் ஒடூரோ சொல்லியிருந்தார். இருவருக்கும் அவர்தான் வழிகாட்டி. "அவங்க கையால துணி பேசணும். பேசினா, ஆஸ்பத்திரி வார்டுக்கு இன்னும் கொஞ்சம் துணி செய்யக் கையெழுத்துப் போடறேன். பேசலன்னா வேற தலைப்பு யோசி பிராகோ. கோவிச்சுக்காத."

"கோவிக்கல ப்ரொஃப்," என்றாள் பிராகோ.

மாமே போக்குவா கானா நாட்டின் குமாசி நகரச் சந்தையில் துணி விற்றவர். அவர் வாய்க்குப் பயந்து பக்கத்துக் கடைக்காரர்களே விலையைக் குறைப்பார்களாம். பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது. காது கேட்கும், எல்லாம் புரியும், கண் சிரிக்கும். சொல் மட்டும் வராது.

செவ்வாய்க்கிழமை பிராகோவும் தவியாவும் போனபோது, மகள் ஃப்ரேமா துணியை அம்மாவின் மடியில் விரித்தாள். மாமே தன் மேல்துணியை இழுத்து மடியை முழுக்க மூடிக்கொண்டு, அதற்குள் கையை அசைத்தார். பெரியவர் மறைத்துச் செய்வதை உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை என்று பிராகோ சுவரைப் பார்த்தாள்.

"வலிக்குது," என்றது கைபேசி.

ஃப்ரேமா பதறினாள். "எங்கம்மா? தலையா? காலா?"

மாமே தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி மேல்துணிக்குள் ஏதோ நடந்தது.

"ஆமா," என்றது கைபேசி. "தண்ணி. வலிக்குது. ஆமா."

"அட, உன் நிரல் குடிச்சிருக்கு," என்று தவியா பிராகோவின் காதருகே முணுமுணுத்தான்.

"உன் மை காஞ்சிருக்கும்."

"மைன்னா காயத்தான் செய்யும். காயாம இருந்தா சூப்பு."

ஃப்ரேமா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மாமே அதை வாங்காமல் கண்ணை மூடிக்கொண்டார். துணியோரத்தில் தைத்திருந்த கம்பிகளைப் பிராகோ ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், மையில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கிளம்பும்போது விடைபெறக் கை நீட்டினாள். மாமேயின் இடது தோள் கொஞ்சம் எழுந்தது, நின்றது, இறங்கிவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காத சிஸ்டர்," என்று ஃப்ரேமா வாசலில் வைத்துச் சொன்னாள். "வலது கை தூக்க வரல. இடது கைய ஒருத்தர் முன்னால நீட்ட அம்மாவுக்கு மனசு வரல. நான் பாத்துட்டிருந்தா சாப்பிடக்கூட மாட்டாங்க."

வேனில் பாதி வழி வந்ததும் பிராகோ தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

"என்ன, இறங்கணுமா?" என்றான் தவியா.

"நம்ம துணிக்கு யார் யார் கைய வச்சுப் பழக்கினோம்?"

"கேன்டீனுக்கு வந்த பசங்களதான். பொரிச்ச வாழப்பழ கெலெவெலே வாங்கித் தர்றேன்னு சொன்ன, பாதிக் கேம்பஸ் வந்துச்சு. என் பர்ஸுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

"அதுல ஒருத்தராவது இடது கையால தொட்டாங்களா?"

தவியா அவளை ஒரு மாதிரி பார்த்தான். "ஏன் தொடணும்? எதிர்ல நீ உக்காந்திருக்க. உன் முன்னால இடது கைய நீட்ட அவங்க என்ன வளர்ப்பில்லாதவங்களா?"

அதுதான் விஷயம். வலது கையால் தொடுங்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. கொடுப்பதும் வாங்குவதும் வழி காட்டுவதும் வலது கைதான் என்று ஆன ஊரில், தொடுவதற்கு மட்டும் வேறு கை எங்கிருந்து வரும்? பேச்சைப் பறிக்கும் பக்கவாதம் பெரும்பாலும் வலது கையையும் பறிக்கும் என்று ஆய்வுத் திட்டத்தில் முதல் வரியாகவே அவள் எழுதியிருந்தாள். எழுதியும், இடது கை மட்டுமே மிஞ்சிய மனிதர்களுக்காக, வலது கையை மட்டுமே அறிந்த துணியைச் செய்து வைத்திருந்தாள்.

"நான் ஒரு முட்டாள்," என்றாள்.

"தனியா பெருமைப்பட்டுக்காத. நானும் கூடத்தான் இருந்தேன்."

மறுநாள் மாலை ஆய்வுக்கூடத்தில் முதல் வேலையாக, சேர்த்து வைத்திருந்த வலது கைத் தடவல்களையெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பி நிரலுக்குக் கொடுத்தாள். பலிக்கவில்லை. தவியா துணியைக் கையில் எடுத்து ஒரு பக்கம் இழுத்தான், மறு பக்கம் இழுத்தான்.

"பாரு. இந்தப் பக்கம் நீளுது, அந்தப் பக்கம் நீள மாட்டேங்குது. நெசவு அப்படி. மையும் அதுக்கேத்த மாதிரிதான் விரியும். நீ கணக்கத் திருப்பலாம், துணியத் திருப்ப முடியாது. நெசமான இடது கைதான் வேணும்."

அந்தக் கூடத்தில் கைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு மூலையில் செம்மண் கற்களைச் சுட்டு, எது எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று உடைத்துப் பார்ப்பார்கள். இன்னொரு மூலையில் ஊர்மொழியான ட்வி புரிகிறதா என்று ஒரு கணினியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பிராகோ இரண்டு மூலையிலும் போய்க் கேட்டாள். சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஆனால் துணி முன்னால் உட்கார்ந்ததும் ஒவ்வொருவராகத் தயங்கினார்கள்.

கல் உடைப்பவன் முதலில் கையை நீட்டினான். "இடது கைக்கு மன்னிக்கணும்," என்றான். பிறகுதான் தொட்டான். கையை எடுத்து, மறுபடி நீட்டும்போது மறுபடியும், "இடது கைக்கு மன்னிக்கணும்."

"துணிகிட்ட எதுக்குப்பா மன்னிப்பு கேக்கற?" என்றான் தவியா.

"துணிகிட்ட இல்ல, சிஸ்டர்கிட்ட. எதிர்ல உக்காந்திருக்காங்கல்ல."

"தடவைக்குத் தடவை கேட்டா விடிஞ்சிரும். மொத்தமா ஒரே மன்னிப்பா கேட்டுக்கோ."

முடியவில்லை. அடுத்து வந்த பெண்ணும் அதையேதான் சொன்னாள், அதற்கடுத்தவனும். வாய் தானாகச் சொல்லியது. அந்த நேரம் பார்த்து டாக்டர் ஒடூரோ உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது கையைத் தூக்கினார். சுற்றிலும் பார்த்தார்.

"யாராவது அந்தக் கதவச் சாத்துங்க," என்றார். "எங்கம்மா இதப் பாத்திருந்தா கரண்டியாலயே போட்டிருப்பாங்க." பிறகு, தன் மாணவியைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல, "இடது கைக்கு மன்னிக்கணும் பிராகோ," என்றார்.

வியாழக்கிழமை மாலைக்குள் துணி இடது கையைப் புரிந்துகொண்டது. தவியா மேசைமேல் தாளம் போட்டான். பிராகோவுக்குத்தான் மகிழ்ச்சி வரவில்லை. துணிக்குத் தெரிந்துவிட்டது, சரி. மாமே கையை வெளியே எடுக்க வேண்டுமே. மேல்துணியின் மடிப்பு மேலே உரசிக்கொண்டிருந்தால் அதையும் தடவல் என்று எண்ணித் துணி குழம்பும். எடுக்கச் சொல்லி ஒரு பெரியவரைக் கட்டாயப்படுத்தவா முடியும்?

கற்களைச் சுமந்துகொண்டு போன பையனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன்கூடத் தொட்டான். டாக்டர்கூடத் தொட்டார். எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொட்டார்கள். சொன்னதும் கை தானாக நீண்டது. மாமேயால் சொல்ல முடியாதது அந்த ஒரு வார்த்தைதான்.

ஃப்ரேமாவுக்குப் போன் செய்தாள். "சிஸ்டர், நாளைக்குக் காலைல சீக்கிரம் வர்றேன். உன் குரல் வேணும்."

"எதுக்கு?"

சொன்னாள். கேட்டுவிட்டு ஃப்ரேமா, "அப்படின்னா இன்னொண்ணும் சேக்கலாம், அதையும் நானே பேசித் தர்றேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் டாக்டர் ஒடூரோ கஞ்சி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். ஃப்ரேமா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். மாமே வழக்கம்போல மேல்துணியை இழுத்து மடியை மூடிக்கொண்டார். பிராகோ அவர் நாற்காலி அருகே குனிந்தாள்.

"மாமே, உள்ளங்கைய முழுசா துணிமேல வைங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். அது உங்களுக்காக முதல்ல ஒண்ணு சொல்லும்."

மேல்துணி அசைந்தது. நின்றது. கைபேசி ஃப்ரேமாவின் குரலில் பேசியது.

"இடது கைக்கு மன்னிக்கணும்."

மாமே கைபேசியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கையை எடுத்து மறுபடி வைத்தார்.

"இடது கைக்கு மன்னிக்கணும்."

டாக்டர் ஒடூரோ நாற்காலியில் முன்னால் நகர்ந்து, சபையில் பதில் சொல்பவர்போல், "மன்னிச்சாச்சு மாமே. அதுவும் கைதானே," என்றார்.

மாமே மேல்துணியைத் தோளுக்குத் தள்ளினார். இடது கை வெளிச்சத்துக்கு வந்தது. இப்போது என்ன செய்யலாம் என்பதுபோல் பிராகோவைப் பார்த்தார். பிராகோ மேலிருந்து கீழே நீளமாகத் தடவிக் காட்டினாள். மாமே தடவினார்.

"இங்க எல்லாம் நல்லபடி. வந்தவங்க வந்த சேதி என்ன?"

வீட்டுக்கு வந்தவர்கள் தண்ணீர் குடித்ததும் இதைக் கேட்பது வீட்டுப் பெரியவரின் உரிமை. நோய் வந்த நாளிலிருந்து அம்மாவுக்குப் பதிலாக ஃப்ரேமா கேட்டுவந்தாள். அவள் டம்ளர்களை எடுக்கிற சாக்கில் சட்டென்று உள்ளே போய்விட்டாள். மாமே இன்னொரு முறை, இன்னும் அழுத்தித் தடவினார்.

"இங்க எல்லாம் நல்லபடி. வந்தவங்க வந்த சேதி என்ன?"

கேட்டால் முறைப்படி சொல்லியாக வேண்டும். தவியா பிராகோவை முழங்கையால் இடித்தான். அவள் எழுந்து நின்றாள். எதையும் விடக் கூடாதே என்ற கவலையில், பனைக்கொட்டை ஓட்டை எந்தச் சூட்டில் கரியாக்கினார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். மையின் கெட்டித்தன்மை. நெசவு இழுபடும் பக்கம். நிரலின் முதல் வடிவம், அதில் தன் பிழை, இரண்டாம் வடிவம், அதிலும் தன் பிழை.

மாமே துணியில் நிதானமாக ஒரு வட்டம் போட்டார்.

"வலிக்குது."

உள்ளேயிருந்து ஃப்ரேமா ஓடிவந்தாள். "எங்கம்மா?"

மாமே இடது கையை உயர்த்தித் தன் காதைக் காட்டினார்.

தவியா சுவரில் சாய்ந்து குலுங்கினான். டாக்டர் ஒடூரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பிராகோ, கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் காட்டு. மிச்சத்த அப்புறம் கேட்டுக்கறேன்," என்றார்.

மாமே இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஆமா."